பழைய படகில் எஞ்சின் மவுண்டிங், ஷாஃப்ட் கப்ளிங் மாற்றுவது: மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் வழி சொல்லுங்கள்

தருவைப்படகு | ஏப்ரல் 18, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தருவைகுளத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பா ஓட்டிய படகு, இப்போது என் கையில் இருக்கிறது. 32 அடி ஃபைபர், 3 சிலிண்டர் டீசல், எஞ்சினைத் தாங்க நான்கு ரப்பர் மவுண்டிங். கியர்பாக்ஸுக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் நடுவில் இரண்டையும் இணைக்க ரப்பர் வட்டு வைத்த கப்ளிங். படகுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது.

ஆட்டம் இரண்டு வருடமாகவே உண்டு. ஐடிலில் எஞ்சின் பெட்டி மேல் டீ டம்ளரை வைத்தால் அது மெதுவாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். வேகம் கொடுத்தால் அடங்கிவிடுகிறதே என்று விட்டுவிட்டேன். இந்த சீசன் கடைசியில், ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் துளையை அடைக்கும் கிளாண்டில் தண்ணீர் கூடிவிட்டது. முன்பு தங்குகடல் (கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போனால் காலையும் மாலையும் பம்ப் போட்டால் போதும். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கிறது.

தடை தொடங்கிய மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்கம் இடது மவுண்டிங்கின் அடியில் பென்சில் சீவிய மாதிரி கறுப்புத் தூள். ரப்பரில் என் கட்டைவிரல் நகம் முழுக்க இறங்கும் அளவுக்கு வெடிப்பு. கப்ளிங் போல்ட்டைச் சுற்றிச் செம்பொடி, ஓட்டைகள் முட்டை வடிவமாகிவிட்டன.

ஒரு மெக்கானிக் அந்த ஒரு மவுண்டிங்கை மட்டும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ரப்பரே வேண்டாம், இரும்புத் தகடு வைத்து பெட்டோடு (எஞ்சின் உட்காரும் மேடை) இறுக்கிவிடு என்கிறார். ஜூன் 14 வரைக்கும் நேரம் இருக்கிறது. எதைச் செய்யலாம்?

காசிமேடு லேலண்ட் | ஏப்ரல் 18, இரவு 10.15

தம்பி, இரண்டாவது ஆள் சொன்னதைக் கேளுங்கள். எங்கள் மர விசைப்படகில் 6 சிலிண்டர் லேலண்ட், பெட்டில் நேராக போல்ட் போட்டது. பதினைந்து வருடமாக அப்படியேதான் ஓடுகிறது. ரப்பர் என்று ஒன்று இருந்தால்தானே தேயும்?

துவாஸ் ஃபிட்டர் | ஏப்ரல் 19, காலை 6.05

காசிமேடு அண்ணன் சொல்வது அவருடைய படகுக்குச் சரி. அவருடையது கனத்த மர ஏரா (படகின் அடிக்கட்டை), வரிசையாக ஆறு சிலிண்டர். ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின் தன் அதிர்வைத் தானே பெரும்பாலும் சமன் செய்துகொள்ளும். மூன்று சிலிண்டர் அப்படி இல்லை. முன்னும் பின்னும் மாறி மாறித் தூக்கி அடிக்கும் குணம் அதற்கு உண்டு. அதை ஃபைபர் ஸ்டிரிஞ்சர் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டை) மேல் இறுக்கினால் அந்த அடி முழுவதும் ஃபைபர் அடுக்குகளுக்குப் போகும். பெட்டும் உடலும் சேரும் மூலையில் மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு விழும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்கும். உங்கள் படகு ரப்பருக்காகவே கட்டியது, ரப்பரிலேயே இருக்கட்டும்.

நான் சிங்கப்பூரில் சிறு படகுப் பழுது யார்டில் ஃபிட்டர். நான் பார்த்தவரை ரப்பர் தானாகச் செத்த படகு குறைவு. ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கும். அதனால் புதிது வாங்குவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள்.

அந்த இடது பின் மவுண்டிங்குக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். டீசலோ ஆயிலோ சொட்டினால் சாதாரண ரப்பர் ஊறி, பொதுமி, பிறகு பிளந்துவிடும்.

அடுத்து, படகை இரண்டு கயிற்றால் ஜெட்டியில் நன்றாகக் கட்டுங்கள். ஒருவர் எஞ்சின் பெட்டியைத் திறந்து பார்க்க, இன்னொருவர் குறைந்த வேகத்தில் முன் கியர், நியூட்ரல், பின் கியர் என்று போடட்டும். புரொப்பல்லர் படகைத் தள்ளும் விசை ஷாஃப்ட் வழியாகக் கியர்பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து மவுண்டிங் வழியாகத்தான் படகுக்குப் போகிறது. படகைத் தள்ளிக்கொண்டு போவதே அந்த நான்கு ரப்பர்தான். எஞ்சின் முன்னும் பின்னும் விரல் அகலம் ஓடினால் மவுண்டிங் முடிந்துவிட்டது, அல்லது அது படகுக்கான மவுண்டிங்கே இல்லை.

கடைசியாக ஐடில் ஆட்டம். ஓடும்போது இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்திப் பாருங்கள். டீசல் ஊசி மாதிரி பீச்சும், கையைக் குறுக்கே கொண்டுபோகாதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு சிலிண்டரைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாற்றமே இல்லை என்றால் அந்த சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்யாமல் எந்த மவுண்டிங் போட்டாலும் டம்ளர் நகரத்தான் செய்யும்.

தருவைப்படகு | ஏப்ரல் 20, மாலை 5.30

அண்ணே, நீங்கள் சொன்னது மூன்றில் இரண்டு சரியாக இருக்கிறது.

இன்ஜெக்டரில் இருந்து டேங்குக்குத் திரும்பும் சின்னக் குழாயின் வாஷர் கசிகிறது. அது பிளாக்கின் பக்கவாட்டில் வழிந்து நேராக அந்த இடது பின் மவுண்டிங்கில் சொட்டுகிறது. துணியால் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டேன், விரலில் டீசல்.

கியர் மாற்றும்போது எஞ்சின் முன்னால் போவது கண்ணுக்கே தெரிகிறது. பக்கத்துப் படகுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, இது லாரி மவுண்டிங் மாதிரி இருக்கிறதே என்றார். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மெக்கானிக் மாற்றிக் கொடுத்தது. அப்போது நான் கேட்கவில்லை.

மூன்று சிலிண்டரும் நன்றாக அடிக்கிறது.

துவாஸ் ஃபிட்டர் | ஏப்ரல் 20, இரவு 8.10

லாரியில் டயர்தான் வண்டியைத் தள்ளுகிறது, அந்த விசை எஞ்சின் மவுண்டிங்குக்கு வராது. அது எடையைத் தாங்கி, முறுக்கத்தைப் பிடித்தால் போதும். படகு மவுண்டிங் மேலும் கீழும் மெத்தென்று இருக்க வேண்டும், முன்னும் பின்னும் விறைப்பாக இருக்க வேண்டும். அது போக, ரப்பர் முழுவதும் கிழிந்தாலும் மேல் இரும்பு கீழ் இரும்பை விட்டுக் கழன்று வராத அமைப்பு வேண்டும். கடலில் எஞ்சின் பெட்டை விட்டு எழும்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். மூன்று பழசு அமுங்கி இருக்கும், ஒன்று புதுசு நிமிர்ந்து நிற்கும், எடை எல்லாம் அதன் மேல் விழும். எடைக்கு ஏற்ற கடினம் பார்த்து வாங்குங்கள். மொத்த எடையை நான்கால் வகுத்துப் பார்ப்பது தவறு, கியர்பாக்ஸ் பக்கம் பாரம் கூடுதல். ரப்பர் மேல் குடை மாதிரி இரும்பு மூடி உள்ள வகை கிடைத்தால் அதையே எடுங்கள், சொட்டும் எண்ணெய் வெளியே வழிந்துவிடும்.

கழற்றும் முன் நான்கு மூலையிலும் பெட்டிலிருந்து எஞ்சின் கால் பிராக்கெட் வரை உயரம் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள். தாளில் எழுதினால் எண்ணெயில் போய்விடும்.

குளச்சல் கரை | ஏப்ரல் 21, காலை 7.20

மேற்குக் கடற்கரையில் எங்களுக்குத் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும், அதனால் இதை ஆவலாகப் படிக்கிறேன். ஒரு சந்தேகம். என் படகில் மவுண்டிங்கை பெட்டில் பிடிக்கும் திருகு இரண்டு சும்மா சுற்றுகிறது, இறுகவே இல்லை. பெரிய திருகு போடலாமா?

துவாஸ் ஃபிட்டர் | ஏப்ரல் 21, காலை 7.55

வேண்டாம். ஃபைபர் பெட்டுக்குள் மரம் இருக்கும். தண்ணீர் இறங்கி அந்த மரம் உளுத்துப் போயிருக்கலாம். துளைக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். ஈரமான கறுப்புத் தூள் வந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து, நல்ல மரமும் எபாக்ஸியும் வைத்துக் கட்ட வேண்டும். மரம் கெட்டியாக இருந்து துளை மட்டும் தேய்ந்திருந்தால், பெட் மேல் கனமான தகடு வைத்து, மவுண்டிங் போல்ட்டுக்கு அந்தத் தகட்டிலேயே மரை வெட்டி, தகட்டைப் பக்கவாட்டில் ஊடுருவும் போல்ட்டால் பிடியுங்கள்.

பட்டறை 1988 | ஏப்ரல் 22, பகல் 2.30

நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். படகு ஷாஃப்ட் நிறைய வருகிறது, கப்ளிங் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

கப்ளிங்கைச் சம்மட்டியால் அடித்துக் கழற்றாதீர்கள். அந்த அடி கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். முதலில் கப்ளிங்கை ஷாஃப்டில் பிடித்திருக்கும் செட் ஸ்குரூவைக் கழற்றுங்கள், பெயிண்டுக்குள் புதைந்து இன்னொன்று ஒளிந்திருக்கும், தேடுங்கள். துருநீக்கி ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு கப்ளிங்கின் இரண்டு ஃபிளாஞ்சையும் (முகத்தோடு முகம் போல்ட் போடும் வட்டத் தகடுகள்) பிரித்து, ஷாஃப்டை விடச் சின்ன விட்டமுள்ள ஒரு சாக்கெட்டை ஷாஃப்ட் முனைக்கு எதிரே வைத்து, தடித்த தகடு ஒன்றை அதற்கு முட்டுக் கொடுத்து, நீளப் போல்ட்டால் கப்ளிங்கைத் தகட்டை நோக்கி இழுங்கள். கால் சுற்று, கால் சுற்றாக, குறுக்கு மறுக்காக. கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சையே முட்டாக வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை.

புது கப்ளிங் வாங்கி அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஷாஃப்டோடு சேர்த்துப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். கப்ளிங் ஷாஃப்டில் கையால் தள்ளினால் பாதி போய், மீதிக்கு மரச்சுத்தியால் லேசாகத் தட்ட வேண்டும். அந்த இறுக்கம்தான் வேண்டும். மாட்டிய பிறகு லேத்தில் போட்டு முகத்தை ஒரு மெல்லிய சீவல் எடுத்தால் முகம் ஷாஃப்டுக்குச் சரியான செங்குத்தாக வந்துவிடும். அப்போதே டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். வலையோ கயிறோ புரொப்பல்லரில் சுற்றிய படகுகளில் இதை அவசியம் பார்ப்பேன்.

கப்ளிங்கும் ஷாஃப்டும் சேர்ந்து சுற்ற இடையில் செருகும் இரும்புத் துண்டு, அந்தக் கீ விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கீயின் இரண்டு பக்கமும் காடியில் ஆடாமல் உட்கார வேண்டும், மேலே மட்டும் சிறு இடைவெளி இருக்க வேண்டும். கீ உயரமாக இருந்தால் கப்ளிங்கை ஒரு பக்கமாகத் தூக்கிவிடும். அப்புறம் நீங்கள் எத்தனை நாள் எஞ்சினை நகர்த்தினாலும் லெவல் வராது, எஞ்சினும் ஷாஃப்டும் நேர்கோட்டில் நிற்காது.

ஓட்டை முட்டை வடிவமான ஃபிளாஞ்சை மறுபடி போடாதீர்கள். போல்ட்டு 8.8 கிரேடு, நைலான் நட்டு, இரண்டும் புதுசு.

பருத்தித்துறை 28 | ஏப்ரல் 23, இரவு 9.00

நானும் ஒன்று சொல்ல வேண்டும். என்னுடையது 28 அடி ஒருநாட் படகு, உள்ளிணைப்பு எஞ்சின். ஐந்து வருடத்துக்கு முதல் கப்ளிங் கழற்றிப் பூட்டினோம். செட் ஸ்குரூவுக்கு ஷாஃப்டில் குழி போடவில்லை, கம்பியும் கட்டவில்லை. கரைக்கு வந்து நிற்பாட்டப் பின் கியர் போட்டேன். எஞ்சின் உறுமியது, படகு நிற்கவில்லை. பெட்டியைத் திறந்தால் கப்ளிங் வெறுமனே சுற்றுகிறது, ஷாஃப்ட் இல்லை. பின் கியரில் புரொப்பெலர் பின்னால் இழுக்கும் அல்லவா, ஷாஃப்டைக் கப்ளிங்கில் இருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. சுக்கானில் புரொப்பெலர் முட்டி நின்றபடியால் ஷாஃப்டின் முனை கிளாண்டுக்குள் நாலு விரல் அளவு மிஞ்சியிருந்தது. அது முழுதாக வெளியே போயிருந்தால் ஷாஃப்டின் தடிமனுக்கு ஓட்டை, தண்ணீர் குழாய் திறந்த மாதிரி வரும். என்னுடைய பெடியன் அன்றைக்குப் படகில் இருந்தவன். இப்பவும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்கும்.

ஆகவே தம்பி, செட் ஸ்குரூவின் முனை உட்காரக் கட்டாயம் குழி போடுங்கள். ஸ்குரூத் தலையில் துளையிட்டுத் துருப்பிடிக்காத கம்பியால் கட்டுங்கள். கிளாண்டுக்கு முன்னால், படகுக்கு உள்ளே, ஷாஃப்டில் ஒரு வளையம் பூட்டிவிடுங்கள். இரண்டு பாதியாகப் பிரிந்து பூட்டுகிற துத்தநாக வளையம் கூட இதற்குப் போதும். கப்ளிங் விட்டாலும் வளையம் கிளாண்டில் முட்டி ஷாஃப்டை நிற்பாட்டும்.

தருவைப்படகு | ஏப்ரல் 23, இரவு 10.20

அண்ணை, இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் வளையத்தை வாங்கு, மற்றதெல்லாம் அப்புறம் என்றார். நாளைக்கே வாங்குகிறேன்.

துவாஸ் ஃபிட்டர் | ஏப்ரல் 26, காலை 6.30

இப்போது அலைன்மெண்ட், அதாவது எஞ்சினையும் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவது. மவுண்டிங் மாற்றுவது ஒரு நாள் வேலை, இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

படகு தண்ணீரில் மிதக்க வேண்டும், டேங்கும் ஐஸ் பெட்டியும் வழக்கமான பாரத்தில் இருக்க வேண்டும். எஞ்சினைப் புது ரப்பர் மேல் இறக்கி இரண்டு நாளாவது உட்காரவிடுங்கள், ரப்பர் அமுங்கும். தூக்கும்போது ஆயில் சம்ப்புக்கு அடியில் ஜாக்கி வைக்காதீர்கள். குறுக்கே கட்டை போட்டுச் செயின் பிளாக்கில், எஞ்சினில் இருக்கும் தூக்குக் கண்ணில் மாட்டுங்கள்.

ரப்பர் வட்டு இருந்தால் அளவு எடுக்க முடியாது. அதை எடுத்துவிட்டு இரும்பு முகமும் இரும்பு முகமும் நேருக்கு நேர் வருமாறு வையுங்கள். கிளாண்டில் இருந்து கப்ளிங் வரை ஷாஃப்ட் அந்தரத்தில் தொங்குகிறது, தன் எடையிலேயே தாழும். அந்தரத்தில் நிற்கும் நீளத்தின் பாதி எடையும் கப்ளிங் முழு எடையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, மீன் நிறுக்கும் தொங்கு தராசில் அந்த அளவு காட்டும் வரை மேலே இழுத்துக் கட்டுங்கள். அதுதான் ஷாஃப்டின் உண்மையான இடம்.

முதலில் இரண்டு ஃபிளாஞ்சின் விளிம்பும் எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். நடுவில் உள்ள குமிழ் வலுக்கட்டாயம் இல்லாமல் குழிக்குள் போக வேண்டும். அப்புறம் ஃபீலர் கேஜ், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள். மேல், கீழ், இடது, வலது நான்கு இடத்திலும் இடைவெளி பாருங்கள். ஃபிளாஞ்ச் விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு 1 தௌ, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம், அதுவே அதிகபட்ச வித்தியாசம். 4 அங்குல ஃபிளாஞ்சுக்கு 4 தௌ, 0.1 மி.மீ. ரப்பர் கப்ளிங்தானே, அது சமாளிக்கும் என்று சிலர் விடுவார்கள். சமாளிக்கும், கொஞ்ச நாளைக்கு. உங்கள் பழைய வட்டு அப்படித்தான் கிழிந்திருக்கும்.

எந்தப் பக்கம் இடைவெளி அதிகமோ, எஞ்சினின் முன்பக்கத்தை அந்தப் பக்கமாகவே நகர்த்துங்கள். கீழே அதிகம் என்றால் முன்பக்கத்தை இறக்கவும். இடதில் அதிகம் என்றால் முன்பக்கத்தை இடதுக்குத் தள்ளவும். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் விளிம்பைத் திரும்பப் பாருங்கள், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது விலகும். சலிப்பு வரும், பொறுமையாக இருங்கள்.

சரி வந்தபின், கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சை அசைக்காமல் ஷாஃப்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி அளங்கள். அதிக இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து இடம் மாறினால் குறை கப்ளிங் முகத்திலோ ஷாஃப்டிலோ. அதே இடத்தில் நின்றால் எஞ்சின் நிலையில்.

இன்னும் ஒன்று. மவுண்டிங் ஸ்டட்டில் (நிமிர்ந்து நிற்கும் மரைத் தண்டு) பிராக்கெட் உச்சிக்கு ஏறி நிற்கக் கூடாது. உயரம் போதவில்லை என்றால் மவுண்டிங்குக்கு அடியில் தகடு வையுங்கள். ஸ்டட் உயர உயர நெம்பு நீளும், ஒரு நாள் முறியும்.

காசிமேடு லேலண்ட் | ஏப்ரல் 26, காலை 9.10

நாங்கள் கரையேற்றிய இடத்திலேயே லெவல் பார்த்துத்தான் இறக்குகிறோம். தண்ணீரில் ஆடுகிற படகில் எப்படி ஆயிரத்தில் பார்ப்பது? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தருவைப்படகு | மே 11, மாலை 6.45

முடித்தேன். காசிமேடு அண்ணே, உங்கள் கேள்விக்காகவே இரண்டு முறை அளந்தேன்.

படகு கரையில் இருக்கும்போதே ஒருமுறை முழுதாக லெவல் பிடித்தேன். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 3 தௌ. சந்தோஷமாக இருந்தது. படகை இறக்கி இரண்டு நாள் கட்டிவைத்துவிட்டுத் திரும்ப அளந்தால் 11 தௌ. எஞ்சினை யாரும் தொடவில்லை. கரையில் படகு கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது, தண்ணீர் அதை வேறு மாதிரி தாங்குகிறது. படகு ஆடினாலும் எஞ்சினும் ஷாஃப்டும் சேர்ந்துதான் ஆடுகின்றன, ஃபீலர் கேஜ் நிலையாகவே நின்றது.

கீழே இடைவெளி அதிகமாக இருந்தது. முன்பக்க இரண்டு நட்டையும் ஆறில் ஒரு சுற்று இறக்கினேன், ஸ்பேனரில் ஒரு முகம்தான். அதிலேயே 11 என்பது 6 ஆனது. இவ்வளவு சின்ன அசைவுக்கு இவ்வளவு மாற்றம் வரும் என்று நான் நினைக்கவில்லை. மாலைக்குள் 3-க்கு வந்தது. இடது வலது 2.

கப்ளிங்கைப் பட்டறையில் முகம் சீவி வாங்கினேன். ஷாஃப்ட் வளையவில்லை. பழைய கீ உயரமாக இருந்தது என்று பட்டறைக்காரர் காட்டினார், அதன் முதுகில் பளபளவென்று தேய்ந்த தடம். இன்ஜெக்டர் வாஷர் மாற்றியாகிவிட்டது. துத்தநாக வளையம் கிளாண்டுக்கு இரண்டு விரல் முன்னால் பூட்டியிருக்கிறது. எக்ஸாஸ்ட் குழாய், டீசல் குழாய், திராட்டில் கேபிள் எல்லாவற்றிலும் கொஞ்சம் தளர்வு விட்டேன், புது ரப்பரில் எஞ்சின் அசையும்போது இழுபடாமல் இருக்க.

காசிமேடு லேலண்ட் | மே 11, இரவு 8.00

3-ல் இருந்து 11 என்றால் பெரிய வித்தியாசம் தம்பி. மரப்படகு ஊறினால் இன்னும் விலகும், அது எனக்கே தெரியும், ஆனால் கப்ளிங்கோடு சேர்த்து யோசித்ததில்லை. எங்கள் படகில் வருடா வருடம் கிளாண்ட் பேக்கிங் மாற்றுகிறோம். இறக்கிய பிறகு ஒரு வாரம் விட்டு கப்ளிங்கைப் பிரித்துப் பார்க்கிறேன்.

பருத்தித்துறை 28 | மே 11, இரவு 9.30

வளையம் பூட்டினதைக் கேட்க நிம்மதியாக இருக்கிறது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

துவாஸ் ஃபிட்டர் | மே 12, காலை 6.10

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். கடலுக்குப் போய் 25 மணி நேரம் ஓடியதும் கப்ளிங்கைப் பிரித்து மறுபடி அளங்கள். புது ரப்பர் அப்போதும் கொஞ்சம் இறங்கும்.

தருவைப்படகு | ஜூன் 21, இரவு 8.50

முதல் தங்குகடல் முடிந்து வந்தோம். மொத்தம் 31 மணி நேர ஓட்டம். திறந்து அளந்தேன். இடது வலது அப்படியே இருக்கிறது, மேல் கீழ் 3-ல் இருந்து 5 ஆகியிருந்தது. பின்பக்க நட்டு இரண்டையும் கால் முகம் ஏற்றினேன், 3-க்குத் திரும்பிவிட்டது. போல்ட் எதுவும் தளரவில்லை. மவுண்டிங் அடியில் வெள்ளைத் துணி விரித்துப் பார்த்தேன், தூள் இல்லை.

கிளாண்டை இறுக்காமலே ஓட்டத்தில் நிமிடத்துக்கு ஐந்தாறு சொட்டுதான். பம்ப் பழையபடி காலையும் மாலையும்தான்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 1,800 சுற்று தாண்டும்போது பின்னால் இருந்து லேசாக உறுமுகிற சத்தம் வருகிறது. முன்பும் இருந்திருக்கும், எஞ்சின் ஆட்டத்தில் கேட்டிருக்காது.

துவாஸ் ஃபிட்டர் | ஜூன் 21, இரவு 9.15

புரொப்பல்லருக்கு முன்னால் ஷாஃப்டைத் தாங்கும் கட்லெஸ் பேரிங்காக இருக்கலாம். எஞ்சின் அவ்வளவு நாள் ஆடியதில் அதன் ரப்பரும் தேய்ந்திருக்கும். அலை இல்லாத காலையில், எஞ்சினை நிறுத்தி சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவரைத் தண்ணீரில் இறக்கிப் புரொப்பல்லரை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவு இருந்தால் அடுத்த தடை வரை காத்திருக்காதீர்கள், எழுதுங்கள். கரையேற்றாமல் முடியாது, அதற்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

தருவைப்படகு | ஜூன் 21, இரவு 9.20

சரி அண்ணே. நாளைக்குக் காலையில் தம்பியை இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். டம்ளரை அப்பா இன்றைக்கு எஞ்சின் பெட்டி மேலேயே வைத்து டீ குடித்தார்.